அபின் வரவு, தர்மச் செலவு: டேவிட் சசூனின் கணக்கு

புனேயில் ஆட்டோ பிடித்து "சசூன்" என்று மட்டும் சொன்னால் போதும், ரயில் நிலையத்தை ஒட்டிய பெரிய அரசு மருத்துவமனையின் வாசலில் இறக்கிவிடுவார்கள். மும்பையில் அதே சொல்லுக்குப் பொருள் வேறு. கொலாபாவில் விடியற்காலையில் மீன் ஏலம் நடக்கும் சசூன் டாக் அது. காலா கோடா பக்கம் போனால் மஞ்சள் கல்லில் கட்டிய ஒரு பழைய நூலகம். இவ்வளவு புழங்கிய பிறகு சசூன் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பதே தேய்ந்து போய்விட்டது.

இதில் ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். சசூன் பெயரில் இருப்பதெல்லாம், பாக்தாத்திலிருந்து பம்பாய்க்கு வந்த யூத வணிகர் டேவிட் சசூன் கட்டியதல்ல. சசூன் டாக் அவருடைய மூத்த மகன் ஆல்பர்ட் 1875-ல் முடித்தது. காலா கோடா என்ற பெயர் வரக் காரணமான கறுப்புக் குதிரைச் சிலையும், அதாவது வேல்ஸ் இளவரசர் ஏறி அமர்ந்த குதிரையும், ஆல்பர்ட் கொடுத்ததுதான். கோட்டைப் பகுதியில் இருக்கும் கெனெசெத் எலியாஹு என்ற யூதத் தொழுகைக்கூடம் பேரன் ஜேக்கப் 1884-ல் எழுப்பியது. மூன்று தலைமுறைப் பணம் ஒரே பெயரில் நிற்கிறது. அந்தப் பணத்துக்கு வழி போட்டவர் டேவிட். அவர் கதையைச் சொல்லும்போது பெரும்பாலும் வள்ளல் பாதியை மட்டும் சொல்வார்கள், இல்லாவிட்டால் அபின் பாதியை மட்டும் சொல்வார்கள். அவர் கடைக் கணக்கில் இரண்டும் ஒரே புத்தகத்தில்தான் இருந்தன.

டேவிட் 1792-ல் பாக்தாத்தில் பிறந்தார். அப்போது அது உதுமானியப் பேரரசின் ஒரு மாகாணம். சுல்தான் பெயருக்குத்தான், உண்மையில் ஆண்டவர்கள் மம்லூக் பாஷாக்கள், அதாவது அடிமை வீரர் மரபில் வந்த ஆளுநர்கள். டேவிட்டின் தந்தை சாலிஹ் அந்தப் பாஷாக்களின் பொக்கிஷதாரர். யூத சமூகத்தின் தலைவரும் அவர்தான். அந்தப் பதவிக்கு 'நாசி' என்று பெயர் (மூக்கு அல்ல, எபிரேயத்தில் தலைவர்). அரசுக்குக் கடன் ஏற்பாடு செய்வது, சமூகத்தின் வரியை வசூலித்துக் கட்டுவது, ஏழைகளைப் பார்த்துக்கொள்வது, வழக்குத் தீர்ப்பது எல்லாம் ஒரே ஆளின் பொறுப்பு. ஆக, கொடுப்பது என்பது இந்த வீட்டில் பணம் சேர்ந்த பிறகு வந்த பழக்கம் இல்லை. பதவியோடு கூடவே வந்த வேலை அது.

1817-ல் தாவூத் பாஷா ஆட்சிக்கு வந்தார். அவர் காலத்தில் யூத வணிகர்களைப் பிடித்து அடைத்துப் பணம் பறிப்பது நடைமுறையாகிவிட்டது. டேவிட்டையும் பிடித்தார்கள் என்றும், வயதான தந்தை பணம் கொடுத்து மீட்டு, இரவோடு இரவாகப் படகில் ஏற்றி பஸ்ரா பக்கம் அனுப்பினார் என்றும் குடும்பக் கதை. அங்கியின் உள்துணியில் முத்துக்களை வைத்துத் தைத்துக்கொண்டு போனாராம். முத்துக் கதை எவ்வளவு உண்மையோ, கையில் எடுத்துப் போக முடிந்ததே மிச்சம் என்ற நிலைமை மட்டும் உண்மை. பஸ்ராவிலிருந்து பாரசீக வளைகுடாவின் புஷேர் துறைமுகத்துக்குப் போனார். பின்னால் வந்து சேர்ந்த தந்தை 1830-ல் அங்கேயே இறந்தார்.

புஷேரிலேயே நின்றிருந்தால் டேவிட் வளைகுடாவின் நடுத்தர வியாபாரிகளில் ஒருவராக இருந்திருப்பார். ஆனால் அங்கே வந்து போகும் கப்பலெல்லாம் பம்பாய்க் கப்பல், அங்கே விற்கும் துணியெல்லாம் பம்பாய் வழியாக வரும் மான்செஸ்டர் துணி. 1830-களின் தொடக்கத்தில் குடும்பத்தோடு பம்பாய்க்கே வந்துவிட்டார். வந்த நேரம் நல்ல நேரம். சீன வணிகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இருந்த ஏகபோகம் 1833 சட்டத்தோடு முடிந்தது. யார் வேண்டுமானாலும் கப்பல் அனுப்பலாம் என்று ஆனது. சீன வணிகத்தில் பார்சிகள் ஏற்கெனவே முன்னால் இருந்தார்கள். ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் அதில் கோடீஸ்வரர் ஆகியிருந்தார். சசூன் அந்தப் பக்கம் உடனே பாயவில்லை. கோட்டைக்குள் டாமரிண்ட் சந்தில் சின்னதாக ஒரு கடை. ஆங்கிலேயத் துணியை வளைகுடாவுக்கு அனுப்புவார். திரும்பி வருவது கம்பளம், பேரீச்சை, முத்து, குதிரை. அரபு, பாரசீகம், துருக்கி எல்லாம் அவருக்கு வீட்டுமொழி மாதிரி, வந்த பிறகு இந்துஸ்தானியும் பிடித்துக்கொண்டார். ஆங்கிலம் மட்டும் கடைசிவரை வரவில்லை.

அவரை மற்ற வியாபாரிகளிடமிருந்து பிரித்துக் காட்டியது சரக்கு இல்லை, ஆட்கள். இரண்டு மனைவியர் வழியாக அவருக்கு எட்டு மகன்கள். முதல் மனைவி ஹன்னாவின் பிள்ளைகள் அப்துல்லாவும் (பின்னாளில் ஆல்பர்ட்) எலியாஸும். ஹன்னா இறந்த பிறகு மணந்த ஃபர்ஹாவின் பிள்ளைகள் மற்ற ஆறு பேர். வயது வந்ததும் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு துறைமுகத்துக்கு அனுப்பினார். ஒருவர் பாக்தாத், ஒருவர் கான்டன், பிறகு ஹாங்காங், ஷாங்காய், 1858-லிருந்து லண்டன். எந்த மகனும் ஒரே ஊரில் வேர்விட விடவில்லை, மாற்றிக்கொண்டே இருந்தார். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வீட்டு ஆளையோ ஊர் ஆளையோ ஏஜென்டாக அனுப்பிய செட்டியார் கடைகளைத் தெரிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது.

மகன்கள் மட்டும் போதுமா? குமாஸ்தா வேண்டும், கிடங்குக்காரர் வேண்டும், கணக்கர் வேண்டும். அவர்களையும் பாக்தாத், பஸ்ரா, அலெப்போ யூதர்களிலிருந்தே எடுத்தார். அடக்குமுறையிலிருந்து தப்பி வரும் ஏழைக் குடும்பத்துப் பையனுக்கு பம்பாயில் தங்க இடம், படிக்கப் பள்ளி, தொழ ஒரு கூடம், நோய் வந்தால் மருந்து, செத்தால் அடக்க இடம், எல்லாம் சசூன் ஏற்பாடு. அந்தப் பள்ளியில் எபிரேயமும் அரபும் கணக்கும் கற்ற பையன் அப்படியே ஷாங்காய் கிளைக்குக் கப்பல் ஏறுவான். இதைத் தர்மம் என்பதா, ஆள் எடுப்பு என்பதா? டேவிட்டைக் கேட்டிருந்தால் கேள்வியே புரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

கிளைகளுக்குள் போய்வந்த கடிதங்கள் யூத அரபியில் இருந்தன. மொழி அரபு, எழுத்து எபிரேயம். தமிழை அரபு எழுத்தில் எழுதிய அர்வியைக் கொஞ்சம் மாற்றிப் போட்டுப் பாருங்கள், அந்த மாதிரி. அரபு படிக்கத் தெரிந்தவருக்கு எழுத்து புரியாது, எபிரேயம் படிக்கத் தெரிந்த ஐரோப்பிய யூதருக்கு மொழி புரியாது. ஹாங்காங்கில் அபின் விலை இறங்குகிறது என்ற செய்தி போட்டியாளர் கையில் கிடைத்தாலும் அவருக்கு அது வெறும் கிறுக்கல்தான். சனிக்கிழமை எந்தக் கிளையிலும் வேலை கிடையாது. சீனர்களும் ஆங்கிலேயர்களும் கடை திறந்து வைத்திருக்க இவர்கள் மூடிவிடுவார்கள்.

கணக்குப் புத்தகத்தில் தர்மத்துக்கென்று தனி இடம் இருந்தது. நம் ஊர் வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிடித்துக் கோயிலுக்கும் பள்ளிக்கும் ஒதுக்குவார்களே, அதே மாதிரி வியாபாரத்திலிருந்து ஒரு பங்கு முதலிலேயே பிரிந்துவிடும். வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும் என்பது யூத மரபு. லாபம் வந்தால் பார்க்கலாம் என்ற பேச்சு அதில் இல்லை. இதன் மறுபக்கம் என்னவென்றால், எந்தச் சரக்கு நகர்ந்தாலும் தர்மக் கணக்கில் காசு விழும். அபின் நகர்ந்தாலும்.

அபின் எப்படி நகர்ந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். இந்தியாவிலிருந்து சீனாவுக்கு இரண்டு வழியில் அபின் போனது. பீகார், காசி பக்கம் விளைந்ததைக் கம்பெனியே விவசாயியிடம் வாங்கி, பதப்படுத்தி, கல்கத்தாவில் ஏலம் விட்டது. அதில் தனியார் நுழைய வழியில்லை, ஏலத்தில் எடுக்கலாம், அவ்வளவுதான். இன்னொன்று மால்வா அபின். இந்தூர், உஜ்ஜைன் பக்கத்து சமஸ்தானங்களில் விளைந்தது. அங்கே கம்பெனியின் நேரடி ஆட்சி இல்லை. அதனால் விளைச்சலைத் தடுக்காமல், பம்பாய்க்குப் போகும் ஒவ்வொரு பெட்டிக்கும் வழிவரி போட்டது. பெட்டி ஒன்று ஏறத்தாழ 60 கிலோ. வரிக்குத் தப்ப வியாபாரிகள் கராச்சி வழியாகக் கொண்டுபோனார்கள். 1843-ல் சிந்து மாகாணத்தை ஆங்கிலேயர் பிடித்ததும் அந்த வழியும் அடைபட்டு, எல்லாப் பெட்டியும் பம்பாயில் வந்து விழுந்தது. அதே சமயம் அந்தப் பக்கம் கதவு திறந்தது. முதல் அபின் போரில் தோற்ற சீனா 1842 நான்கிங் ஒப்பந்தப்படி ஷாங்காய் உட்பட ஐந்து துறைமுகங்களைத் திறந்துவிட்டது. 1844-ல் எலியாஸ் சீனாவுக்குக் கிளம்பினார்.

பழைய பெரிய கைகள் (ஜார்டின் மாத்திசன் போன்றவர்கள்) பெரும்பாலும் கமிஷன் வியாபாரம் செய்தவர்கள். இந்தியாவில் யாரோ வாங்கி அனுப்ப, சீனாவில் இவர்கள் விற்றுத் தருவார்கள். சசூன்கள் நடுவில் இருந்தவர்களைத் தாண்டிப் போனார்கள். மால்வாவில் பயிர் நிற்கும்போதே வியாபாரிகளுக்கு முன்பணம் கொடுத்து விளைச்சலைத் தங்கள் பெயரில் கட்டிக்கொண்டார்கள். பம்பாயில் கிடங்கு அவர்களுடையது, ஷாங்காயில் விற்பவன் அவர்கள் வீட்டுப் பிள்ளை. பெட்டிக்கு லாபம் குறைத்துக்கொண்டு பெட்டி எண்ணிக்கையைக் கூட்டினார்கள். விலை விழுந்தால் கிடங்கில் வைத்துக் காத்திருக்கும் பணபலமும் இருந்தது. இரண்டாம் அபின் போருக்கு நடுவே, 1858-ல், சீனாவில் அபின் இறக்குமதிக்குத் தீர்வை நிர்ணயித்து அதைச் சட்டபூர்வமாக்கினார்கள். 1870-களின் தொடக்கத்தில் ஜார்டின் மாத்திசன் அபினிலிருந்து ஏறக்குறைய விலகிவிட்டது, அந்தச் சந்தையில் சசூன்கள்தான் மிகப் பெரிய கை. டேவிட் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. உச்சம் மகன்களுடையது, வழிமுறை அவருடையது.

"அந்தக் காலத்தில் அது தப்பாகவே தெரியவில்லை" என்று சசூன்களுக்காக வாதாடுபவர்கள் சொல்வதுண்டு. பாதி சரி. சட்டப்படி அது குற்றமில்லை. இந்திய அரசின் வருமானத்தில் ஆறில் ஒரு பங்கோ ஏழில் ஒரு பங்கோ அபினிலிருந்து வந்தது, மிகப் பெரிய அபின் வியாபாரி சர்க்கார்தான். ஆனால் தெரியவில்லை என்பது சரியில்லை. 1839-ல் கான்டனில் சீன அதிகாரி லின் சே-ஷு 20,000 பெட்டிக்கு மேல் பறிமுதல் செய்து, சுண்ணாம்பும் உப்பும் கலந்து கரைத்துக் கடலில் விட்ட செய்தி உலகம் முழுக்கப் போனது. 1843-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலேயே இதை நிறுத்தச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தார்கள். பம்பாயிலிருந்தே ஒருவர் இருக்கிறார், தாதாபாய் நௌரோஜி. 1855-ல் காமா கம்பெனியின் லண்டன் பங்காளியாகப் போனவர், அபினிலும் மதுவிலும் வரும் லாபம் வேண்டாம் என்று சில ஆண்டுகளில் விலகிவிட்டார். ஆக, வேண்டாம் என்று சொல்ல முடிந்த காலம்தான் அது. சசூன் சொல்லவில்லை. அவர் அதை நினைத்து வருந்தியதாகவும் எதுவும் தெரியவில்லை.

கடைசி நான்கு ஆண்டுகளில் பருத்தி வந்தது. 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு தென் மாநிலப் பருத்தி நின்றதும் லங்காஷயர் ஆலைகள் பம்பாயைப் பார்த்தன. மெத்தையைப் பிரித்துப் பழைய பஞ்சை விற்றார்கள் என்று கதை சொல்லும் அளவுக்கு விலை ஏறியது. லண்டனில் மகன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்ததால் சசூன் நிறுவனத்துக்கு இரண்டு முனையும் கையில். மற்றவர்கள் அந்தப் பணத்தைக் கடலைத் தூர்க்கும் கம்பெனிகளின் பங்கில் போட்டுச் சூதாடினார்கள். 1865-ல் போர் முடிந்து விலை விழுந்தபோது பிரேம்சந்த் ராய்சந்த் உட்பட பம்பாயின் பெரிய பெயர்களெல்லாம் சரிந்தன. சசூன் கடை நின்றது.

இந்தப் பணத்திலிருந்துதான் பொதுக் கொடைகள். தன் சமூகத்துக்குக் கொடுப்பது முதல் நாளிலிருந்தே இருந்தது. ஊருக்குக் கொடுப்பது 1850-களில் பெரிதானது, அதில் அரசியலும் உண்டு. 1853-ல் பிரிட்டிஷ் குடியுரிமை எடுத்தார். கையெழுத்தை எபிரேய எழுத்தில் போட்டார். 1857 கலகத்தின்போது அரசுக்காக யூதப் படை திரட்டித் தருகிறேன் என்று முன்வந்தார். பாஷாக்கள் ஆட்சியில் பட்டவருக்குச் சட்டம் நிலையாக இருக்கும் ஆட்சி மேல் இருந்த பற்று அது. ஆட்சியாளர்களுக்குக் கண்ணில் படும்படி கொடுப்பதன் பலனும் அவருக்குத் தெரியும். ஜீஜீபாய் மருத்துவமனை கட்டி சர் பட்டமும், பரம்பரையாக வரும் பேரனெட் பட்டமும் வாங்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்தானே.

அவர் கொடைகளில் எனக்கு மிகவும் வித்தியாசமாகப் படுவது அதே 1857-ல் தொடங்கிய சீர்திருத்தப் பள்ளி. திருட்டு, பிக்பாக்கெட் என்று பிடிபடும் சிறுவர்களைப் பெரியவர்களோடு சிறையில் போடாமல் தனியே வைத்துத் தொழில் கற்றுக்கொடுக்கும் இடம். இன்றும் டேவிட் சசூன் தொழிற்பள்ளி என்ற பெயரில் மாஹிம், மாட்டுங்கா பக்கம் இருக்கிறது. மும்பைத் தமிழர்களில் பலர் அதன் மதிலைக் கடந்து போயிருப்பார்கள். மருத்துவமனை, கோயில் என்றால் பெயர் நிற்கும் என்று யாரும் கொடுப்பார்கள். பிடிபட்ட பையன்களுக்குக் கொடுக்கத் தோன்றுவது கொஞ்சம் அபூர்வம். குமாஸ்தாக்களைப் பள்ளியில் உருவாக்கிய மனதுக்கு, பையனைப் பிடித்து ஒரு தொழிலில் போட்டால் சரியாகிவிடுவான் என்ற நம்பிக்கை இருந்திருக்கும்.

பைகுல்லாவில் 1861-ல் மாகென் டேவிட் தொழுகைக்கூடம் எழுந்தது. பக்கத்தில் அவருடைய மாளிகை இருந்தது. 'சான் சூசி' என்ற அந்த வீடுதான் பிற்காலத்தில் மசீனா மருத்துவமனையானது.

சமூகத்துக்குக் கொடுத்தார் என்று சொல்லும்போது எந்தச் சமூகம் என்றும் கேட்க வேண்டும். அவர் வருவதற்கு நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே கொங்கணக் கரையில் யூதர்கள் இருந்தார்கள். பெனே இஸ்ரேல் என்ற அவர்கள் மராத்தி பேசினார்கள், எண்ணெய் ஆட்டினார்கள். சனிக்கிழமை செக்கு ஓட்டாததால் ஊர் அவர்களை 'சனிவார் தேலி' என்றது. பம்பாயில் அவர்கள் 1796-லேயே தொழுகைக்கூடம் கட்டியிருந்தார்கள், பாக்தாத்காரர்கள் வந்த புதிதில் அங்கேதான் தொழுதார்கள். கொஞ்ச நாளில் விலகல் தொடங்கியது. 1836-ல், பொதுவாக இருந்த யூதக் கல்லறையில் இரு பிரிவுக்கும் நடுவே தடுப்புச் சுவர் வேண்டும் என்று கேட்டு மனுக் கொடுத்தவர்களில் டேவிட் சசூன் முன்னணியில் இருந்தார். அகதியாக வந்து நான்கைந்து வருடம்தான் ஆகியிருந்தது. மதச் சட்டப்படி அவர்கள் சுத்தமான யூதர்களா என்ற சந்தேகம் என்று காரணம் சொன்னார்கள். வெள்ளையர் நகரத்தில் 'உள்ளூர்க்காரர்' பட்டியலில் தாங்கள் விழுந்துவிடக் கூடாது என்ற கவலையும் அதில் கலந்திருந்தது. சாதி பார்க்கும் ஊருக்கு வந்தவர் அதைச் சீக்கிரம் கற்றுக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

புனே கதை கடைசி வருடங்களுடையது. மழைக்காலத்தில் பம்பாய் அரசாங்கமே அங்கே போய்விடும், சசூனும் வீடு வைத்திருந்தார். அங்கே மருத்துவமனைக்குப் பெருந்தொகை கொடுத்து 1863-ல் அடிக்கல் போட்டார்கள். அதே காலத்தில் ஓஹெல் டேவிட் தொழுகைக்கூடமும் தொடங்கியது. செங்கல்லில் கோத்திக் பாணியில் உயரமான கோபுரம், கடிகாரம். தூரத்திலிருந்து பார்த்தால் மாதா கோயில் என்றே தோன்றும். ஊர்க்காரர்கள் பெயர் வைக்க யோசிக்கவில்லை: லால் தேவள், சிவப்புக் கோயில். இரண்டும் முடிந்தது 1867-ல். டேவிட் 1864 நவம்பர் 7-ஆம் தேதி புனேயிலேயே இறந்துவிட்டார். லால் தேவள் வளாகத்திலேயே அவர் சமாதி.

அவர் போன மூன்றாம் வருடமே கடை இரண்டானது. தலைமை ஆல்பர்ட்டுக்குப் போனதும், சீனாவில் வியாபாரத்தை வளர்த்த எலியாஸ் 1867-ல் பிரிந்து இ.டி. சசூன் கம்பெனி தொடங்கினார். அண்ணன் தம்பி கடைகள் ஒரே சந்தையில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. ஆல்பர்ட் இங்கிலாந்து போய் 1890-ல் பேரனெட் ஆனார், மகனுக்கு ஐரோப்பாவின் பெரிய வங்கிக் குடும்பமான ராத்சைல்ட் வீட்டில் பெண் எடுத்தார். முதல் உலகப் போரை எதிர்த்து எழுதிய ஆங்கிலக் கவிஞர் சீக்ஃப்ரீட் சசூன் டேவிட்டின் கொள்ளுப்பேரன். தலைப்பாகையும் அங்கியும் ஒரே தலைமுறையில் போய்விட்டன. அபின் மட்டும் நெடுநாள் நின்றது. சீனாவுக்கு இந்திய அபின் அனுப்புவது 1913-ல்தான் முடிந்தது. எலியாஸ் வழிப் பணம் அதற்குள் ஆலைகளுக்கும் ஷாங்காய் நிலத்துக்கும் மாறியிருந்தது. ஷாங்காய் ஆற்றங்கரையில் 1929-ல் எழுந்த கேத்தே ஹோட்டல் அந்தக் கிளையினுடையதுதான்.

காலா கோடா நூலகத்தை விட்டுவிட்டேன். நாணயச்சாலையிலும் கப்பல் பட்டறையிலும் வேலை பார்த்த இளைஞர்கள் 1847-ல் தொடங்கிய தொழிலாளர் படிப்பகம் அது. இயந்திரங்களைப் பற்றிய ஆங்கிலப் புத்தகங்களைப் படிக்க ஓர் இடம் வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது. டேவிட் 60,000 ரூபாய் கொடுத்தார். கட்டடம் முடிந்தது 1870-ல், அதையும் அவர் பார்க்கவில்லை. லண்டன் சிற்பி தாமஸ் உல்னர் செதுக்கிய அவருடைய ஆளுயரப் பளிங்குச் சிலை உள்ளே படிக்கட்டின் அடியில் நிற்கிறது. தலைப்பாகை, கால்வரை அங்கி, நீண்ட தாடி. ஆங்கிலம் கற்காமலே போனவரின் பக்கமாகத்தான் எல்லோரும் மாடிக்கு ஏறிப் போய் ஆங்கிலப் புத்தகம் படிக்கிறார்கள்.